முதுகு பிடிக்காமல் வெளியே அழைத்துச் செல்ல: கொழும்பில் சக்கர நாற்காலி தள்ளுவோருக்கு ஒரு வழிகாட்டி

பாரிசவாதம் வந்து அம்மாவின் இடது பக்கம் வழங்காமல் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் அவர் வெளியே சென்றது கிளினிக்குக்கு மட்டும்தான். நாற்காலி இருந்தது, தள்ளுவதற்கு நானும் இருந்தேன். ஆனால் தூக்கி ஏற்றுவதும், கான் மூடியில் சில்லு சிக்குவதும், காத்திருக்கும் சாரதி பொறுமை இழப்பதுமாக, வீடு திரும்பும்போது இருவருமே ஓய்ந்துபோவோம். ஒரு நாள் கட்டிலிலிருந்து அவரைத் தூக்கும்போது என் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பத்து நாட்கள் என்னால் நிமிர முடியவில்லை. அந்தப் பத்து நாட்களும் அம்மாவும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

அம்மா வெளியே போவதும் போகாததும் என் முதுகைப் பொறுத்தது என்பது அப்போதுதான் விளங்கியது. தூக்குவதை எப்படியெல்லாம் குறைக்கலாம் என்று அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். புதிதாகப் பராமரிப்பில் இறங்கியிருக்கும் நீங்கள் அதே ஆண்டை வீணாக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். கீழே வரும் விலைகளும் நாட்களும் எனக்கு ஆனவை. வாங்கும்போது மூன்று கடைகளிலாவது விசாரியுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் அளவெடுங்கள்

நான் செய்த முதல் பிழை, அளவெடுக்காமல் வாங்கியது. தேசிய வைத்தியசாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் இருந்த ஓர் உபகரணக் கடையில், முதலில் காட்டிய இரும்பு நாற்காலியை 36,000 ரூபாவுக்கு வாங்கி வந்தேன். அதன் இருக்கை 46 சென்றிமீற்றர் அகலம். மெலிந்த உடலுள்ள அம்மா அதில் இடது பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தார். நாற்காலியின் எடை 18 கிலோ. நான்கு மாதம் கழித்துப் பாதி விலைக்கு விற்றேன்.

ஓர் அளவு நாடாவும் தாளும் எடுத்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருக்கை அகலம்: அவரைக் கடினமான கதிரையில் அமர்த்தி, இடுப்பின் மிக அகலமான இடத்தை அளந்து, நாலைந்து சென்றிமீற்றர் கூட்டுங்கள். அம்மாவுக்கு 39 வந்தது. ஆகவே 43 அல்லது 44 போதும்.

இருக்கை ஆழம்: முதுகைச் சாய்த்து அமரும்போது இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் விளிம்பு உரசிப் புண்ணாகும்.

பாதத் தாங்கி: தொடை இருக்கையில் முழுதாகப் படியும் உயரத்தில் பாதம் நிற்க வேண்டும். தாங்கிக்கும் தரைக்கும் இடையில் 5 சென்றிமீற்றராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் தெரு மேடுகளில் தட்டும்.

தள்ளும் கைப்பிடி: இதை யாரும் அளப்பதில்லை. கைப்பிடி உங்கள் இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் உயரமானவர் என்றால் சாதாரண நாற்காலியைக் குனிந்தபடியே தள்ளுவீர்கள், அரை மணி நேரத்தில் முதுகு வலிக்கும். கடையிலேயே ஒருவரை உட்கார வைத்து, வாசல்வரை தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாசல்கள்: வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, லிஃப்டின் உள் ஆழம் மூன்றையும் அளவெடுங்கள். பெரிய பின் சில்லுள்ள நாற்காலியின் மொத்த அகலம் இருக்கையைவிட ஏறக்குறைய 20 சென்றிமீற்றர் கூடுதல். வெள்ளவத்தையின் பழைய அடுக்குமாடிகளில் லிஃப்டுக்குள் நாற்காலி நுழைந்தாலும், பாதத் தாங்கி இடித்துக் கதவு மூடாமல் போகலாம். எங்கள் கட்டடத்தில் அப்படித்தான். தாங்கிகளைக் கழற்றி என் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறோம்.

2. வெளியே போவதற்கென்று ஒரு நாற்காலி

எல்லாவற்றுக்கும் ஒரே நாற்காலி என்று தேடினால் எதற்குமே உதவாத ஒன்றுதான் கையில் வரும். குளியலறைக் கதவுக்குள் நுழையும் ஒடுக்கமான நாற்காலி தெருவில் தடுமாறும். தெருவில் நன்றாக ஓடுவது குளியலறைக்குள் போகாது. குளியலறைக்கென்று வீட்டுக்குள் ஒரு கொமோட் நாற்காலியை (இருக்கையில் மலசலகூடத் துவாரம் உள்ள நாற்காலி) வைத்துக்கொண்டால், வெளியே போகும் நாற்காலி வாசலுக்கும் லிஃப்டுக்கும் பொருந்தினால் போதும். தேர்வு அப்போது இலகுவாகிவிடும்.

அடுத்த கேள்வி சில்லு. பிறர் தள்ளுவதற்கென்றே வரும், நான்கும் சிறிய சில்லுகளாக உள்ள நாற்காலி எடை குறைந்தது, மடித்தால் சிறிய காரிலும் அடங்கும். வணிக வளாகத்தின் வழுவழுப்பான தரைக்கு அது போதும். நம் நடைபாதைகளுக்குப் பெரிய பின் சில்லே நல்லது என்பது என் முடிவு. கான் மூடிகளின் இடைவெளியிலும் உடைந்த கற்களிலும் சிறிய சில்லு நின்றுவிடும், பெரிய சில்லு உருண்டு ஏறிவிடும். முன் சில்லும் கூடிய அளவு பெரிதாக இருக்கட்டும். காற்றடைத்த டயர் அதிர்வைத் தாங்கும், ஆனால் பஞ்சராகும். திண்ம டயருக்கு அந்தக் கவலை இல்லை, குலுக்கல் கூடும். நான் திண்ம டயரை எடுத்துக்கொண்டு, நல்ல மெத்தை ஒன்று போட்டேன்.

இரண்டாவது முறை நான் வாங்கியது 13 கிலோ அலுமினிய நாற்காலி, 68,000 ரூபா. பின் சில்லுகளை ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றலாம். கழற்றினால் தூக்க வேண்டிய சட்டகம் 9 கிலோதான். அந்த வித்தியாசத்தை முதல் நாளே என் இடுப்பு உணர்ந்தது.

கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று. தள்ளுபவரின் கைப்பிடியில் சைக்கிள் பிரேக்கைப் போன்ற பிரேக், இடுப்புப் பட்டி, பின்னால் காலால் மிதித்து நாற்காலியைச் சாய்க்க உதவும் குழாய். காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் குறுக்குத் தெருவொன்றில் ஆளோடு இறங்கிப் பாருங்கள், கைப்பிடி பிரேக் ஏன் வேண்டும் என்பது புரியும். சில்லருகே உள்ள நிறுத்தும் பிரேக் ஓட்டத்தில் பயன்படாது.

மின்சார நாற்காலியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவர் தானாக ஓட்ட முடிந்தவர், வீட்டு வாசலில் படி இல்லை, ஏற்றிச் செல்ல வானும் உண்டு என்றால் வாங்குங்கள். மற்றவர்களுக்கு முதல் கொள்முதலாக அது வேண்டாம். எடை கூடிய ஒன்றை ஒரு படி ஏற்றவும் இரண்டு பேர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு அனுப்ப முன்வரும் நாற்காலியிலும் கவனம் தேவை. டயரும் முன் சில்லும் இங்கே கிடைக்கும் அளவுகளா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

வாடகைக்கு விடும் கடைகளும் கொழும்பில் உண்டு. முற்பணம் வைத்து ஒரு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். அந்த வழி எனக்கு முதலில் தெரிந்திருந்தால் 18,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

3. இலவசமாகப் பெற விண்ணப்பிப்பவர்கள்

வாங்க வசதி இல்லையென்றால், உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் வழங்கும் துணைக் கருவிகளுக்கான விண்ணப்பம் அவர் வழியாகவே போகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம்.

நான் என் சித்திக்காக விண்ணப்பித்தபோது கொண்டுசென்றவை: சித்தியின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, என்னுடைய பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, புகைப்படங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

நாங்கள் இரண்டு மாதம் இழந்தது வைத்திய அறிக்கையால். நோயின் பெயர் அதில் இருந்தது, சக்கர நாற்காலி தேவை என்ற வரி இல்லை. மறுபடியும் கிளினிக் திகதி எடுத்து, மறுபடியும் வரிசையில் நின்று எழுதி வாங்கினோம். ஆகவே வைத்தியர் எழுதும்போதே, எந்த வகை நாற்காலி, இருக்கை அகலம் எவ்வளவு, மெத்தை தேவையா என்பதையும் சேர்த்து எழுதித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். படிவத்தைத் தமிழில் தரும்படி கேட்கத் தயங்க வேண்டாம். விண்ணப்பம் கொடுத்த நாள், பெற்றுக்கொண்டவரின் பதவி, கோப்பு இலக்கம் மூன்றையும் எழுதி வையுங்கள். முதல் நாளிலிருந்து சித்திக்கு நாற்காலி கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை வாடகை நாற்காலி வைத்திருந்தோம்.

4. தூக்காமல் இடம் மாற்றுங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். முதுகு போவது தள்ளும்போது அல்ல, இடம் மாற்றும்போதுதான்.

எனக்கு உதவிய கருவிகள் மூன்று. முதலாவது, இடுப்பில் கட்டும் கைப்பிடி வைத்த அகலப் பட்டி, 3,800 ரூபா. அதைப் பிடித்து உதவினால் அவருடைய கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. பாரிசவாதம் வந்தவரின் வழங்காத கையையோ அக்குளையோ பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டு தளர்ந்திருக்கும், இலகுவில் விலகும்.

இரண்டாவது, வழுக்கிச் செல்லும் பலகை. கடைப் பலகையின் விலையைக் கேட்டுவிட்டு, தச்சரிடம் சொல்லி 70 சென்றிமீற்றர் நீளமும் 25 சென்றிமீற்றர் அகலமும் உள்ள பலகையைத் தடித்த ஒட்டுப்பலகையில் செய்வித்தேன். ஓரங்களை உருட்டி, இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசச் சொன்னேன். மொத்தம் 2,500 ரூபா. ஆளின் எடையைத் தாங்குகிறதா என்று முதலில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது, கார் இருக்கையில் வைக்கும் சுழலும் வட்ட மெத்தை. கால்களை உள்ளே எடுத்து வைக்கும்போது உடலை முறுக்க வேண்டியதில்லை.

காருக்குள் மாற்றும் முறையை அம்மாவை வைத்தே சொல்கிறேன். காரின் இடது முன் இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளுவேன். நாற்காலியைக் காரின் பக்கத்தில், கார் பார்க்கும் திசையிலேயே, சற்றுச் சாய்வாக நிறுத்துவேன். அம்மாவின் பலமான வலது பக்கம் இப்போது இருக்கையை ஒட்டியிருக்கும். இரண்டு பிரேக்கும் போட்டு, பாதத் தாங்கிகளை ஒதுக்கி, கார் பக்கத்துக் கைதாங்கியைக் கழற்றுவேன். அம்மா இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, முன்னால் குனிவார். “மூக்கு முழங்காலுக்கு மேலே வரட்டும்” என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தது இன்றும் எங்கள் மந்திரம். என் முழங்காலால் அவருடைய இடது முழங்காலை முட்டுக்கொடுத்து, பட்டியைப் பிடித்து, மூன்று எண்ணுவேன். அம்மா எழும்புவார், நான் எழுப்புவதில்லை. திரும்பி, முதலில் இருக்கையில் அமர்ந்து, தலையைக் குனிந்து, பிறகே கால்கள் உள்ளே போகும். முதல் மாதங்களில் நான் பதறும்போதெல்லாம் அவர்தான், “ஆறுதலாகப் பிள்ளை, ஒருவரும் துரத்தவில்லை” என்பார்.

இறங்கும்போது கதை மாறும். ஏறும்போது முன்னால் போன பலமான பக்கம், இறங்கும்போது பின்னால் வரும். ஏறியதைப் போலவே இறங்கிவிடலாம் என்று நினைத்துத்தான் ஒரு முறை இருவரும் தரையில் அமர வேண்டி வந்தது. இறங்குவதற்கு வழுக்குப் பலகையைப் பயன்படுத்துங்கள், அல்லது இரண்டாவது ஆளை அங்கே வரச் சொல்லுங்கள்.

உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்க மட்டும் விடாதீர்கள். அவர் தடுமாறினால் முழுப் பாரமும் உங்கள் கழுத்தில் விழும். இவை எல்லாவற்றையும் கிளினிக்கின் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மூன்று முறையாவது செய்து பாருங்கள். உங்கள் ஆளுக்கு எது பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

5. வாசல் படிக்குச் சரிவுப் பலகை

பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 முதல் நம் நாட்டில் இருக்கின்றன. சரிவுக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு 1:12. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அரை அடிப் படி என்றால் ஆறு அடி நீளப் பலகை வேண்டும். அந்த நீளம் வீட்டு வாசலுக்குச் சரி, கையில் எடுத்துச் செல்ல முடியாது.

எங்கள் கட்டட வாசலில் 14 சென்றிமீற்றர் உயரமான ஒரே ஒரு படி. தெஹிவளையில் ஒரு வெல்டிங் பட்டறையில், நடுவில் மடியும் அலுமினியப் பலகையை 1.2 மீற்றர் நீளத்தில் செய்வித்தேன், 24,000 ரூபா. விதியைவிடச் செங்குத்தானதுதான். பலமான ஒருவர் பின்னால் நின்று தள்ளும் ஒற்றைப் படிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆள் தானாக உருட்டி ஏறுவதற்கு அது ஏற்றதல்ல.

பட்டறையில் சொல்ல வேண்டியவை: இரண்டு ஓரத்திலும் சில்லு விலகாமல் விளிம்பு, மேல் நுனியில் படியைக் கவ்வும் உதடு, மேற்பரப்பில் சொரசொரப்பு. எங்கள் முதல் பலகையில் சொரசொரப்பு இல்லை. மழை நாளில் என் செருப்பு வழுக்கியது, நல்லவேளை நாற்காலியில் ஆள் இல்லை. பிறகு வழுக்காத ஒட்டுநாடா ஒட்டினேன்.

ஏறும்போது முன்பக்கமாக, இறங்கும்போது எப்போதும் பின்பக்கமாக. நீங்கள் கீழே நிற்க, நாற்காலி உங்களை நோக்கி வர வேண்டும்.

6. வண்டி பிடிப்பது

ஓட்டோவா காரா என்பதற்கு ஒரே கேள்வி: அவரால் பத்து விநாடி பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலை உயர்த்தி வைக்க முடியுமா? முடியும் என்றால் ஓட்டோ சரி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வழங்காத கால் முதலில். முடியாது என்றால் கார்தான், ஏனென்றால் கார் இருக்கையின் உயரம் நாற்காலிக்குக் கிட்டத்தட்ட சமம். உயரமான வான்களையும் ஜீப்களையும் தவிருங்கள்.

பிக்மீ அல்லது ஊபரில் பதிந்ததும் சாரதியைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். சிங்களம் தயக்கம் என்றால் இந்த ஒரு வரி போதும்: “ரோத புட்டுவக் தியெனவா, டிக்கக் வெலா யனவா.” சக்கர நாற்காலி ஒன்று இருக்கிறது, கொஞ்ச நேரம் எடுக்கும் என்று பொருள். இதைச் சொன்ன பிறகு மறுப்பவர் வாசலில் வந்து மறுப்பதைவிட நல்லது. சம்மதித்து வருபவர் பெரும்பாலும் இறங்கி உதவுவார். காத்திருப்புக் கட்டணத்தை முன்பே பேசி, ஏற்ற இறக்கப் பத்துப் பத்து நிமிடம் கணக்கில் வையுங்கள். எரிவாயுத் தாங்கி வைத்த கார்களில் பின்பெட்டி நிறைந்திருக்கும், அதையும் கேளுங்கள்.

நல்ல சாரதி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் தெரு முனையில் நிற்கும் ஓட்டோ அண்ணன் ஒருவர், நாற்காலியை மடித்துக் கட்டுவதற்கென்றே ரப்பர் கயிறு வைத்திருக்கிறார். வாரம் ஒரு முறை போகும் எங்களுக்கு அவருடைய தொலைபேசி இலக்கம் எந்தக் கருவியையும்விடப் பெரியது.

தனியார் பஸ்களில் நாற்காலியோடு ஏறுவது நடைமுறையில் இயலாது. ரயிலுக்கும் மேடைக்கும் இடையிலுள்ள உயரமும் நிலையங்களின் மேம்பாலப் படிகளும் தனியாகச் செல்லும் பராமரிப்பாளருக்கு ஏற்றவையல்ல.

7. தெருவில் தள்ளும் முறை

நடைபாதை விளிம்பில் ஏற: நேராக நெருங்கி நிறுத்துங்கள். “சாய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பின் குழாயை மிதித்து முன் சில்லுகளைத் தூக்கி விளிம்பின் மேல் வையுங்கள். பின் சில்லு முட்டும்வரை தள்ளி, பிறகு தொடையால் உந்தி ஏற்றுங்கள். இறங்க: திரும்பி, பின் சில்லு முதலில். சொல்லாமல் சாய்க்கவே கூடாது. விழுகிறோம் என்று பயந்து ஒருவர் கையை நீட்டினால் அது சில்லில் சிக்கும்.

கான் மூடி இடைவெளி, இரும்புக் கம்பி வலை: முன் சில்லைத் தூக்கி, பின் சில்லில் மட்டும் கடந்துவிடுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைக்கு ரயில் பாதையைக் கடந்து போவதை நாற்காலியோடு செய்யாதீர்கள். தண்டவாளப் பள்ளத்தில் முன் சில்லு இறங்கினால் தனியாக எடுக்க முடியாது, ரயிலும் காத்திருக்காது. மரைன் டிரைவ் நடைபாதையிலிருந்தே கடலைப் பாருங்கள், காற்று அங்கேயும் வரும்.

வழங்காத கையை மடியில் ஒரு சிறிய தலையணையில் வையுங்கள். வழங்காத பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டி கட்டுங்கள். ஓடும்போது பாதம் நழுவித் தரையில் இழுபட்டால் கணுக்கால் முறியலாம்.

விழுந்துவிட்டால் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். வலி, தலையில் அடி, மயக்கம் இருந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

8. எங்கே தொடங்கலாம்

முதல் பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முந்தைய நாள் நீங்கள் மட்டும் போய் வண்டி நிற்கும் இடம், படிகள், மலசலகூடம், நிழல் நான்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை சமதளம், காலை ஏழு மணிக்குள் வெயிலும் கூட்டமும் இல்லை. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள பாதைகள் தள்ளுவதற்குச் சுகமானவை, ஆனால் மண்டபத்துக்கு ஏறப் படிகள்தான். விகாரமகாதேவி பூங்காவில் நிழல் தாராளம். மழை நாளுக்கு வன் கோல் ஃபேஸ் போன்ற புதிய வணிக வளாகங்கள் உதவும். தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஏற்ற இறக்கம் நிறைந்தது, கைப்பிடி பிரேக்கும் இரண்டு பேரும் இல்லாமல் போகாதீர்கள்.

கோவிலுக்குப் போகிறவர்கள் முன்னரே அலுவலகத்தில் பேசுங்கள். படியில்லாத பக்க வாசல் எது, எத்தனை மணிக்குத் திறக்கும், நாற்காலி எதுவரை வரலாம் என்று கேளுங்கள். சில்லுகளைத் துடைக்க ஈரத் துணியும் பழைய துவாயும் கொண்டுபோய், வாசலில் அவர்கள் கண்முன்னே துடைத்துவிட்டு உள்ளே போனால் யாருக்கும் மனக்குறை வராது. நண்பகலில் வெளிவீதிக் கல் கொதிக்கும். வெறுங்காலோடு தள்ளப்போவது நீங்கள்தான்.

அம்மாவின் ஆசை ஆடிவேல் பார்ப்பது. செட்டியார் தெருவிலிருந்து வேல் ரதம் வரும் நாளில் காலி வீதியில் வாகனம் நகராது. ஆகவே ரதம் வரும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். கூட்டம் நெருக்கும்போது முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் அவருக்குத் தெரியும் என்பதால், தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு அவருடைய கடைவாசல் மேடையில் சரிவுப் பலகை வைத்து ஏற்றினோம். ரதம் வந்தபோது அம்மா வலது கையால் வழங்காத இடது கையை எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார். இடுப்புப் பட்டி கட்டியிருந்ததால் நானும் கைவிட்டுக் கும்பிட முடிந்தது.

9. மலசலகூடம், தண்ணீர், நேரம்

வெளியே போவதை நினைத்தாலே பலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கொழும்பு வெக்கையில் அது ஆபத்து. குடிக்கக் கொடுங்கள், புறப்படுவதற்கு முன் மலசலகூடம் போகட்டும், பாதுகாப்புக்கு டயப்பர் அணிவியுங்கள். அதை அவமானமாக உணராதபடி முதல் நாளே தனியாக இருக்கும்போது பேசிவிடுங்கள். சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவை நம்பிவிடவும் வேண்டாம். துடைப்பமும் வாளியும் அடுக்கிப் பூட்டி வைத்த மலசலகூடத்தின் முன் சாவிக்காக அரை மணி நேரம் நின்றிருக்கிறோம்.

ஒரே நிலையில் அமர்ந்திருந்தால் படுக்கைப் புண் போன்ற புண் இருக்கையிலும் வரும். அரை மணிக்கு ஒரு முறை பக்கத்துக்குப் பக்கம் சாயவோ முன்னால் குனியவோ வையுங்கள், தொலைபேசியில் மணி அடிக்கச் செய்யுங்கள். நாற்காலியோடு வரும் துணி இருக்கை மட்டும் போதாது. அடர்த்தியான நுரை மெத்தையாவது போடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. தள்ளுபவருக்குக் குடை பிடிக்கக் கை இராது. இருவருக்கும் மழை அங்கி வாங்குங்கள். அவருடையது முழங்காலை மூட வேண்டும், ஓரம் சில்லில் சிக்காதபடி ஒரு கிளிப் போடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பின்

முதலில் தோலைப் பாருங்கள். பிட்டம், குதிகால், முழங்கை. சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் அன்று பாரம் வைக்காதீர்கள், அடுத்த நாளும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிறகு நாற்காலி. கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் உப்புக் காற்று திருகுகளையும் சில்லு பெயரிங்குகளையும் விரைவில் துருப்பிடிக்க வைக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, மாதம் ஒரு முறை மடியும் மூட்டுகளுக்கு இரண்டு துளி எண்ணெய் விடுங்கள். பிரேக்கில் எண்ணெய் படக் கூடாது. முன் சில்லின் அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் எடுத்துவிடுங்கள். அவை சேர்ந்தால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும், அந்த இழுப்பை உங்கள் தோள்தான் தாங்கும்.

அடுத்த முறைக்கான பையையும் அன்றே நிரப்புங்கள்: மாற்றுடை, டயப்பர் இரண்டு, ஈரத் துணி, மருந்தும் அதன் சீட்டும், அடையாள அட்டைப் பிரதி, தண்ணீர், துவாய், ஒரு சிறிய திருகாணி முடுக்கி. பையை நாற்காலியின் பின்கைப்பிடியில் மாட்டாதீர்கள். அவர் எழும்பியதும் பையின் பாரத்தில் நாற்காலி பின்னால் கவிழும். இருக்கைக்கு அடியில் ஒரு வலை கட்டி, அதில் வையுங்கள்.